மல்லாந்து பார்ப்பவர்

கைபேசி மூக்கின் மேல் விழுந்தது. மெத்தைக்காரர் "ம்" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் திறக்காமலே அதைத் தடவி எடுத்து, பழையபடி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்தான் பதறிப்போனார்.

"அடி பட்டுடுச்சா?"

"இல்லீங்க, பழக்கம்தான். நீங்க படுங்க."

அவருடைய மூக்குத் தண்டில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. மூக்குக்கண்ணாடி விற்கிற எனக்கு அது முதல் நாளே கண்ணில் பட்டது. கண்ணாடி அழுத்தி வந்தது என்று நினைத்து, பிடியை மாற்றித் தருகிறேன் என்றேன். "இது கண்ணாடியால வந்தது இல்ல சார், போனால வந்தது," என்று மூக்கைத் திருப்பிக் காட்டினார், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் மாதிரி.

என் கடைக்கு நேர் எதிரே அவர் வேலை பார்க்கும் மெத்தைக்கடை. தெருப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். உள்ளே வரிசையாகக் கட்டில்கள், அவற்றின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள். நடுவில் ஒன்றுக்கு மட்டும் உறை கிடையாது. அதில் படுத்துக் காட்டுவது அவர் வேலை. யாருமே வராத மதியங்களிலும் அவர் படுத்துக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். யாருக்கு என்று கேட்கக் கூடாது.

படுத்தபடி அவர் பார்ப்பவை கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோகும் குட்டி வீடியோக்கள். ஒருவர் பாறையில் சறுக்குவார். ஒருவர் சோப்பைச் சீவுவார். ஒரு குரங்கு தொப்பி போட்டுக்கொள்ளும். வலது கட்டைவிரல் ஒவ்வொன்றையும் மேலே தள்ளிவிட்டு அடுத்ததை வரவழைக்கும். நாளாக ஆக, கைபேசி இல்லாதபோதும் அந்த விரல் வேலையை விடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாராவது பேச்சை நீட்டினால், இடுப்போரமாக அது ஒரு தள்ளு தள்ளும். ஆள் நகராமல் அங்கேயே நிற்பதைப் பார்த்து அவர் முகம் லேசாக வாடும்.

"ஏன் இப்படி ஓயாம பாக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னார். "சார், ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது பாதியில எழுந்து போனா மரியாதையா? சரி, அவர் முடிக்கட்டும்னு பாக்கறேன். முடிச்ச உடனே அடுத்தவர் வந்து நிக்கறார். அவரையும் மதிக்கணும் இல்ல? இதுல நான் எந்த இடத்துல எழுந்திரிக்கறது, நீங்களே சொல்லுங்க."

செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமா முடிந்தால் விளக்கைப் போட்டு எழுப்பிவிடுகிறார்கள். இதில் எழுந்திருக்கும் இடம் என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை. எப்போதாவது அந்தச் செயலியே குறுக்கே வந்து, ரொம்ப நேரமாகப் பார்க்கிறீர்களே, கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே என்று கேட்கும். அதையும் மேலே தள்ளிவிடுவார். ஆனால் மனம் குளிர்ந்துபோவார். "பாத்தீங்களா, எவ்வளவு அக்கறையா கேக்குது. வீட்டுல யாரு கேக்கறா?"

வியாபாரத்தில் அவர் சூரர். மற்ற கடைகளில் நீங்கள் எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்பார்கள். இவர் தூக்கத்தின் பேச்சையே எடுப்பதில்லை. "நீங்க மல்லாந்து பாக்கறவரா, ஒருக்களிச்சுப் பாக்கறவரா?" என்பார். வந்தவர் வெட்கத்தோடு ஒருக்களித்து என்பார். "அப்போ தோள்பட்டை அமுங்கற மாதிரி மெத்தை வேணும். படுங்க. படுத்துட்டு உங்க போனை எடுங்க. வீட்டுல இருக்கற மாதிரியே இருந்தாதான் தெரியும்." பக்கத்துக் கட்டிலில் துணைக்கு அவரும் படுத்துக்கொள்வார். என் கடையிலிருந்து பார்த்தால் மருத்துவமனை வார்டு போலத் தெரியும். எல்லோரும் அசையாமல் கிடப்பார்கள், விரல் மட்டும் பிழைத்திருக்கும். எழுந்ததும், "படுத்ததே தெரியல, அவ்வளவு சுகமா இருக்கு," என்று மெத்தையை வாங்கிப் போவார்கள். தெரியாமல் போனதற்கு மெத்தை காரணம் இல்லை என்று யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் கடையில் கடிகாரம் கிடையாது. மணி தெரிந்தால் ஆள் எழுந்துவிடுவான் என்பது முதலாளியின் கட்சி. வீடியோ ஓடும்போது கைபேசியிலும் மணி மறைந்துவிடுகிறதே, கவனித்தீர்களா என்றேன். "அப்போ எங்க முதலாளி மாதிரி ஒரு கெட்டிக்காரர் அங்கேயும் இருக்கார்னு சொல்லுங்க," என்றார் சந்தோஷமாக.

அவர் மனைவி ஒரு விலங்கு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். கடித்த நாய், கடிபட்ட நாய், இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் என்று நாள் முழுக்கச் சமாளிக்கிற பெண்மணி. கண்ணாடி சரிபார்க்க வரும்போது என்னிடம் மனம் விட்டுப் பேசுவார். "எங்ககிட்ட வர்ற பூனைங்க கூட ரெண்டு தடவை கூப்பிட்டா திரும்பிப் பாக்குதுங்க சார். இவரு பாக்க மாட்டாரு."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "என்னங்க, தண்ணி மோட்டார் ஓடல," என்றால் அது கணவர் காதில் ஏறாது. ஆகவே, "நம்ம வீட்டுல யாருமே எதிர்பார்க்காத ஒண்ணு நடந்திருக்கு, கடைசி வரைக்கும் கேளுங்க," என்று ஆரம்பித்தார். மெத்தைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "மோட்டார் ஓடல." அன்றே மெக்கானிக் வந்தார். "இந்தத் தப்பை நீங்களும் செய்யறீங்களா?" என்று கேட்டால், ஈரத் துண்டு கட்டில் மேல் கிடக்கிறது என்று அர்த்தம். வீடு ஒழுங்காக ஓடத் தொடங்கியது. சங்கடம் என்னவென்றால், அந்த அம்மாளுக்கே பேச்சு அப்படி ஆகிவிட்டது. "நேத்து டாக்டர்கிட்ட போயி, 'இந்த நாய்க்கு என்னன்னு தெரிஞ்சா ஆடிப்போயிடுவீங்க'ன்னு சொல்லிட்டேன் சார். அவர் கையில இருந்த டம்ளரைக் கீழ போட்டுட்டார். நகம் வெட்ட வந்த நாய்."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மெத்தைக்காரர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குக் கவலை வந்தது.

ஒரு மதியம் வீடியோ பார்த்தபடியே அவர் தூங்கிவிட்டார். கைபேசி அன்று மூக்கில் விழாமல், தலையணையில் சாய்ந்து அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டது. அப்போது ஓடியது ஒரு விமான நிலையக் காட்சி. பல வருஷம் கழித்து வந்த மகனைத் தாய் கட்டிக்கொண்டு அழுகிறாள். யாரும் தள்ளிவிடாவிட்டால் அந்த வீடியோ முடிந்த கையோடு முதலிலிருந்து ஓடும். இவர் குறட்டை விட, அந்தத் தாய் மதியம் முழுக்க அழுதாள். செயலிக்குக் குறட்டை தெரியாது. ஒரு மனிதர் ஒரே காட்சியை இத்தனை நேரம் விடாமல் பார்க்கிறார், இவர் நெஞ்சு இதற்காகத்தான் ஏங்குகிறது என்று அது முடிவு கட்டிவிட்டது.

மறுநாளிலிருந்து பிரிந்தவர் கூடும் காட்சிகளாகவே வந்தன. ரயிலடியில் அண்ணனும் தங்கையும், மருத்துவமனை வாசலில் நண்பர்கள், கதவைத் திறந்ததும் மயங்கி விழும் அப்பா. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வயலின் இழைத்துக்கொண்டிருக்கும். அதுவரை யார் செத்தாலும் பந்தல்காரரோடு பேசிக்கொண்டு நிற்கிற ஆள், இப்போது தினமும் மூக்கை உறிஞ்சினார்.

"இவ்வளவு இளகின மனசு எனக்குன்னு எனக்கே தெரியாது சார். அது கண்டுபிடிச்சிருக்கு."

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. நான் இங்கேருந்து பாத்தேன்."

"தூங்கும்போதுதான் சார் மனுஷன் உண்மையா இருப்பான்."

அழுகை வியாபாரத்தைக் கெடுக்கவில்லை. கெட்டி மெத்தையா மெது மெத்தையா என்று கடைக்குள் ஒரு தம்பதி மல்லுக்கு நின்றபோது, இவர் கண்ணைத் துடைத்தபடி எழுந்து வந்தார். தங்கள் சண்டையைப் பார்த்துத்தான் இந்தப் பெரிய மனிதர் அழுகிறார் என்று அவர்கள் கூனிக்குறுகி, இரண்டு பேருக்கும் இரண்டு மெத்தையாக வாங்கிப் போனார்கள். முதலாளி அழுகைக்குத் தடை சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், கல்லாவில் வைத்த கைபேசியில் ஒருவர் வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவது ஓடிக்கொண்டே இருந்தது. செயலி இதையும் குறித்துக்கொண்டது. அடுத்த நாள் முதல் வீடியோவெல்லாம் சண்டை. மெத்தைக்காரர் கண் சிவந்து வந்தார். தலையணைகளைக் குத்தி அடுக்கினார். எங்கள் தெருவில் சும்மா நின்ற ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்து முறைத்தார். அவருக்குக் காரும் கிடையாது, ஓட்டவும் தெரியாது.

அவரைச் சரிசெய்தவர் மனைவிதான். குழாய் ரிப்பேர் செய்வது போல அமைதியாகச் செய்தார். அழுகை வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, அடுப்பங்கரை அலமாரியில் கைபேசியைச் சாய்த்து ஓடவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டார். "சாயந்திரத்துக்குள்ள சரியாயிடுவாரு," என்று எனக்குச் சொன்னார். சரியாகிவிட்டார். "அழற மனுஷனே பரவாயில்ல சார். பாத்திரம் எல்லாம் தேய்ச்சுக் குடுக்கறாரு."

இந்த நேரத்தில்தான் மகள் ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர்களுக்கு ஒரே பெண், சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். முதன்முதலாக அவள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போன அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியின் சக்கரம் ஏன் கோணுகிறது என்று குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் அதை மறக்கவே இல்லை. அம்மா தொலைபேசியில் அவளைத் தேற்றுவதாக நினைத்து, "அப்பா இப்போ பழைய ஆள் இல்லம்மா. தினம் அழறாரு," என்றாராம். "எதுக்கு?" என்று கேட்டாளாம் மகள். "எல்லாம் உன்னை நெனச்சுதான்."

என் காரில்தான் விமான நிலையம் போனோம். மெத்தைக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பையில் மடித்த கைக்குட்டை வைத்திருந்தார். இந்த மாதிரி இடங்களில் என்ன நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் யாருக்காகவோ காத்திருந்தார். கதவு திறந்து அவருடைய தம்பி வெளியே வந்ததும் இருவரும் ஓடிக் கட்டிக்கொண்டார்கள். மெத்தைக்காரர் உடைந்துபோனார். கைக்குட்டை முழுக்க நனைந்தது. அந்த முதியவரே திரும்பி வந்து இவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மகள் வந்தாள். ஓடி வரவில்லை. கொட்டாவி விட்டபடி, பெட்டியின் சீட்டைப் பற்றி ஒரு சிப்பந்தியிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தாள். நடுவழியில் நின்று செருப்பின் வாரைச் சரிசெய்தாள். பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி ஒரு பக்கமாக இழுத்தது, அதை நேராக்கினாள். மறுபடி இழுத்தது. பின்னணியில் வயலின் எதுவும் இல்லை, யாரோ தொலைந்த கைப்பையைப் பற்றிய அறிவிப்புதான் ஒலித்தது. அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். அப்பாவின் ஈரக் கண்ணைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன். இன்னும் பத்தடிதான் பாக்கி. அப்போது கம்பியின் மேலிருந்த மெத்தைக்காரரின் கட்டைவிரல் எழுந்து, அவள் பக்கமாக, காற்றில் ஒரு தள்ளு தள்ளியது.

அவள் நின்றுவிட்டாள். கப்பல் முழுக்கக் கிடக்கும் கம்பிகளில் எது அறுந்தது என்று கண்டுபிடிக்கிற பெண். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"என்னைத் தள்ளி விட்டீங்களாப்பா?"

"இல்லம்மா. கொசு."

"இங்க ஏதுப்பா கொசு?"

திரும்பும் வழியில் காருக்குள் மகள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு முறை, "நீங்க நம்பவே மாட்டீங்க," என்று தொடங்கி, தொடர்ந்து சொல்ல ஒன்றும் இல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

இரண்டொரு நாள் கழித்து மெத்தைக்காரர் என் கடைக்கு வந்து, கண்ணாடி பார்க்கும் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தப் பெரியவரைப் பாத்து எனக்கு அழுகை வந்துச்சு சார். அவர் தம்பி யாரு, எவருன்னு கூட எனக்குத் தெரியாது. பெத்த பொண்ணு வரா, எனக்கு ஒண்ணுமே வரல. எப்போடா கிட்ட வருவாளோன்னு சலிப்புத்தான் வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அந்த வண்டிச் சக்கரம் வேற கோணிச்சு. அதை மட்டும் நல்லா பாத்தேன்."

அன்று மாலை அவர் வீட்டில் நடந்ததை அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெத்தைக்காரர் மகளிடம் போய், இன்னொரு தடவை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எங்கிருந்து வர என்றிருக்கிறாள். "வெளிய போயி, பெட்டியோட வா. இந்தத் தடவை சரியா பாக்கறேன்." அவள் முடியாது என்றாள். அம்மா கெஞ்சினார். வேண்டாவெறுப்பாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் மணியை அடித்தாள். இவர் கதவைத் திறந்து, கையை விரித்து நின்றார். ஒன்றும் வரவில்லை. மறுபடி போகச் சொன்னார். அந்தத் தடவை வேகமாக வரச் சொன்னார். குப்பை கொட்ட இறங்கிய மேல் வீட்டுக்காரர் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார். மூன்றாவது முறை மணி அடிக்கவில்லை. இவர் கதவைத் திறந்தபோது பெட்டி மட்டும் வாசலில் நின்றது. அவள் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன வீடியோவாப்பா, திரும்பத் திரும்ப ஓட?"

அந்தக் கேள்வி எங்கோ தைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை கடை திறந்ததும் அவர் கைபேசியை ஒரு தலையணையின் உறைக்குள் போட்டு மூடி, தலையணைக் குவியலுக்குள் செருகிவிட்டார். கண்ணில் படாவிட்டால் கை போகாது என்று கணக்கு. ஆனால் கைபேசியில் ஒருவர் அழுதபடி பேசிக்கொண்டிருந்தாராம்; பாதியில் நிறுத்த மனம் வராமல், ஓடியது ஓடியபடியே வைத்திருக்கிறார். மதியத்துக்குள் மறந்துபோய் அந்தத் தலையணையையே விற்றுவிட்டார். வாங்கியவர் ஒரு பல் மருத்துவர். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்து கடைக்கு போன் செய்தார்.

"உங்க தலையணை அழுவுதுங்க."

"அது என்னுது டாக்டர்."

"தலையணையா?"

"அழுகை."

இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்றார் மருத்துவர். நானே போய் வாங்கிவரட்டுமா என்று மெத்தைக்காரரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, "அவர் வசதிப்படி வரட்டும்," என்றார். சொல்லும்போது உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் அந்தக் கடையில் அவர் ஒவ்வொரு கட்டிலாக மாறி மாறி உட்கார்ந்ததை எதிரே இருந்து பார்த்தேன். விட்டத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். ஒரு முறை என்னைப் பார்த்துக் கை ஆட்டினார், நானும் ஆட்டினேன். வேறு வேலை இல்லாததால் மறுபடி ஆட்டினார்.

அதற்கு அடுத்த நாள் அம்மா மகளைக் கடைக்கு அனுப்பிவைத்தார். மெத்தைக்காரர் வீட்டு மெத்தை அந்தத் தெருவிலேயே மோசமான மெத்தை; பஞ்சு ஒரு மூலைக்கு ஓடி வெகு காலம் ஆகிறது. அதில் படுத்து அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை மாற்றப் போனவன், அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் உறையில்லாத மெத்தையில் படுத்துப் பார்த்தாள். அவர் வழக்கமான கேள்விக்கு வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ஆடாம இருக்கு," என்றாள். "அதான் தூக்கம் வர மாட்டேங்குது. அங்க கட்டில் ஆடிக்கிட்டே இருக்கும்."

"அங்க வேலை எப்படி?"

இதை அவர் அதுவரை கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். எஞ்சின் அறைக்குப் போகும் நடையில் ஒரு விளக்கு. எத்தனை முறை மாற்றினாலும் அணைந்துவிடும். பல்பை மாற்றினாள், ஹோல்டரை மாற்றினாள், கம்பியைப் பிடித்துக்கொண்டே ஃபியூஸ் பெட்டி வரைக்கும் போனாள், எல்லாம் சரியாக இருந்தது. கேப்டன் திட்டினார். சமையல்காரர் பேய் என்றார். கதை நீண்டது. அதில் திருப்பம் ஏதும் வரும் அறிகுறியே இல்லை. எந்த ஸ்க்ரூ எந்த அளவு என்பது வரை சொன்னாள். நான் இரண்டு தடவை கொட்டாவியை அடக்கினேன். மெத்தைக்காரர் பக்கத்துக் கட்டிலின் விளிம்பில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்களுக்கு இடையில் இறுக்கி வைத்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம் ஒரு நாள் மழை பெஞ்சப்ப அந்தப் பக்கமா போனேன், அப்போ பாத்தா..." என்றவள் நிறுத்தினாள். நாங்கள் காத்திருந்தோம். வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

அவர் என் பக்கம் திரும்பி, மிகவும் தணிந்த குரலில் கேட்டார். "அப்போ பாத்தா என்ன சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"விளக்கு ஏன் அணைஞ்சுது?"

"எழுந்ததும் கேளுங்க."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மதிய வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே இறங்கி, மெத்தையின் ஓரத்தில் ஏறி, அவள் தோளைத் தொட்டு, கன்னத்துக்கு வந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். கடைக்குத் திரைச்சீலை கிடையாது. மெத்தைக்காரர் எழுந்து இப்படியும் அப்படியும் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த ஒற்றை மெத்தை ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து, கண்ணாடியோரம் நிமிர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தில் நிழல் விழுந்தது.

தெருவில் போன இருவர் நின்று அவரைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, "அது என்ன விலைங்க?" என்று கேட்டார்.

"இது விக்கறதுக்கு இல்லீங்க," என்றார் காதோடு சொல்கிற மாதிரி.

சற்று நேரத்தில் பல் மருத்துவர் கக்கத்தில் தலையணையோடு வந்து சேர்ந்தார். மெத்தைக்குப் பின்னாலிருந்து தெரிந்த தலையைப் பார்த்துக் கைபேசியை நீட்டினார். மெத்தைக்காரர் மோவாயால் கல்லாவைக் காட்டினார். மருத்துவர் அதை அங்கே வைத்துவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்து, கட்டிலில் தூங்குகிற பெண்ணைப் பார்த்து நுனிக்காலில் வெளியேறினார்.

வெயில் நகர்ந்தது. மெத்தைக்காரர் மெத்தையோடு அரையடி இடப்பக்கம் நகர்ந்தார்.